கதியால்

பின்சீட்டில அவ இல்ல. அவட படம் மட்டும்.
நாலடிக்கு மூண்டடி, ஒரு மாசமாகியும் காயல்ல.
மூலையில மட்டும் பிடிக்கோணுமாம்,
வேறெங்கயும் படக்கூடாதாம்.
ரெண்டு ரெஜிபோம் துண்டு, ஒரு நைலோன் கயிறு,
பிள்ளைத்தாச்சிய ஏத்தினாப்போல ஏத்தினன்.

நொச்சிமுனையில இருந்து பாசிக்குடா.
கல்லடிப் பாலத்தில வாவிக்காத்து குறுக்கால வந்து
படத்தைத்தான் முதல்ல தேடினது.
கண்ணாடியப் பார்த்தன்:
பின்னால பஸ் வருதா, பைக் வருதா, ஒண்டும் தெரியல்ல.
முழுக்கப் பூ.
இளஞ்சிவப்பு, அதுக்குள்ள ஊதா,
ஓரத்தில ஒரு சொட்டு மஞ்சள்.
ஹோர்ன் அடிச்சவன்
பூவுக்குள்ள இருந்து அடிச்சான்.

ஏறாவூரில பொலிஸ் மறிச்சிது.
குனிஞ்சு பார்த்தவர் தொப்பியக் கழற்றினார், வெக்கைக்கு.
"ஜப்பான் மரமா?"
"கிளிசரியா, சேர்."
"வேலிக்கு நடுறதா?"
"ஓம். எங்கட வேலிதான்."
சிரிச்சுப்போட்டு விட்டார்.
மிச்சத்தை நான் சொல்லல்ல.

மிச்சம் இதுதான்:
மாசியில எங்கட வேலி இலையெல்லாம் உதிர்த்து
பூவை மட்டும் உடுத்து நிக்கும்,
பத்துப் பன்னிரண்டு நாள்.
கோழி பூருற ஓட்டையத் தேடினபோது
நானும் பார்த்திருப்பன்.
டிலோஜினி மிஸ் மேல்வீட்டு ஜன்னலில நிண்டு
அதைக் கீறிக்கொண்டிருந்தா.
எனக்குத் தெரியாது.
மேற்குப் பக்கத்துக்குக் கதியால் காணாது.
ஞாயிறு விடிய கத்திய எடுத்தன்.
பதினாலு கொப்பு.
தலையில கொட்டினதைத் தட்டிவிட்டன்.
நிமிர்ந்தா, ஜன்னலில அவ,
தூரிகைய வாயில கடிச்சபடி.
ஏசுவா எண்டு நிண்டன்.
ஏசல்ல.
கொஞ்சத்தால ஜன்னல் மட்டும் இருந்தது.

மறுகா மனுசி சொன்னா:
"நீங்க அவட படத்தையெல்லா வெட்டிப்போட்டீங்க."
போட்டோ எடுத்து வச்சிருப்பா எண்டன்.
இல்லையாம். அவ எடுக்கிறதில்லையாம்.

கிரானில தேத்தண்ணிக்கு நிறுத்தி
கண்ணாடியில இல்லாம நேர பார்த்தன்.
கீழ்ப்பாதி பொறுமை.
காம்பு, மொட்டு, எறும்பு ஏறுற கணு,
எண்ணிச் சொல்லலாம்.
மேல்பாதியில தூரிகையே இல்ல.
கத்தி.
அள்ளி, அப்பி, இழுத்து,
சில இடத்தில துணி தெரியச் சுரண்டி,
கொப்பு முன்னால ஓட, பூ பின்னால துரத்திப்போய்
பாதியில பிடிக்குது, பாதியில விடுது.
நான் வெட்டினதைவிட உயரமா இருக்கு.
அந்த ஞாயிற்றுக்கிழமை எந்த இடத்தில வந்ததெண்டு
விரல் வச்சுக் காட்டலாம்.
விரல் வைக்கல்ல. காயல்ல.

ஹோட்டலில மெனேஜர் கைய விரிச்சார்:
"சக்குரா! வெளிநாட்டாக்களுக்கு நல்லாப் பிடிக்கும்."
"கதியால், சேர்" எண்டன்.
"அதாரு, கீறினவரா?" எண்டு கேட்டு
பில்லில எழுதப் போனார்.
பேரைச் சொல்லிக் குடுத்தன், எழுத்தெழுத்தா.

வரக்குள்ள கண்ணாடி வெறுமை.
பஸ், லொறி, மாடு,
எல்லாம் அந்தந்த இடத்தில.

கேற்றடியில நிண்டா.
"எங்கயும் பட்டதா?"
"இல்ல, மிஸ்."
வலது முழங்கைய முதுகுக்குப் பின்னால வச்சிருந்தன்.
கல்லடிப் பாலமோ, கிரானோ, எங்க பட்டுதோ,
ஒரு பூவளவு சிவப்பு அதில ஈரமா இருந்தது.

காசை நீட்டினவ, விடாமப் பிடிச்சபடி கேட்டா:
"மேற்குப் பக்கம் எத்தின தளிர்த்திருக்கு?"
"பதினொண்டு."
"மத்தது?"
"மூண்டும் பட்டுப்போச்சு."

எந்த மூண்டு எண்டு காட்டச் சொன்னா.
முன்னால நான் நடக்கோணும்.
முழங்கைய எங்க வைக்கிறது?